மகள் கல்யாணத்தன்று ஓடிய அப்டேட்

என் வீட்டுக்காரர் மாரிஸுக்கு நாலு பேர் முன்னால் பேசுவதென்றால் வேப்பங்காய். அதனால் மகள் ஸ்டெஃபனியின் கல்யாண விருந்தில் அப்பா பேச வேண்டிய நேரத்தில் போடுவதற்கு, படங்களோடு தன் குரலையும் பதிந்து ஒரு வீடியோ செய்துகொண்டிருந்தார்.

அவருடைய லேப்டாப்பில் விண்டோஸுக்குப் பதிலாக இருப்பது ஜென்டூ லினக்ஸ். ஊரெல்லாம் மென்பொருளைத் தயாராக இறக்கிக்கொள்ளும்; இவர் மட்டும் மூல நிரலை இறக்கி, லேப்டாப்பையே அதிலிருந்து மென்பொருளைக் கட்டி எடுக்க வைப்பார். கடையில் மசாலாத் தூள் வாங்காமல் வீட்டிலேயே வறுத்து அரைக்கிற ஆள் மாதிரி. ஓர் அப்டேட் என்றால் நாள் முழுக்க அதன் விசிறி இரையும்.

கல்யாணத்தன்று காலையில் அதை ஆரம்பித்தார் மனிதர். வீட்டுக்குப் பெயின்ட் அடித்தாயிற்று, இதையும் புதுசாக்கிவிடலாம் என்று நினைத்தாராம். அப்டேட் பாதியில் இருந்ததால், வீடியோவை முடிக்க வேண்டிய மென்பொருள் திறக்கவில்லை. அதைக் கட்டி முடிக்க நடுராத்திரி ஆகும், விருந்தோ மாலையில். மேல்வீட்டுக் கமலநாதன் கம்ப்யூட்டரில் வீடியோவைப் போட்டுப் பார்த்தோம். படம் வந்தது, குரல் வரவில்லை.

"அப்ப நீங்களே மைக் புடிச்சுப் பேசுங்க," என்றேன். எனக்கு அவ்வளவு ஆத்திரம். அவர் முகம் வெளுத்துவிட்டது.

"சூசன், இன்னும் நாலு லேப்டாப் கெடைச்சா கட்டுற வேலைய எல்லாத்துக்கும் பிரிச்சுக் குடுத்துடலாம்."

பென்டிரைவ்களை எடுத்துக்கொண்டு கிளம்பினார். பிரிக்ஃபீல்ட்ஸில் எங்கள் பிளாட் கட்டடம் முழுக்க, அதுவரை தலையாட்டலோடு கடந்துபோன வீடுகளின் கதவையெல்லாம் தட்டினார். "ஒங்க லேப்டாப் கொஞ்ச நேரம் வேணும். ஒண்ணும் அழியாது, எல்லாம் பென்டிரைவ்லதான் ஓடும்," என்று ஒவ்வொருவருக்கும் விளக்கினார்.

"எடுத்துக்குங்க லா அண்ணே. கல்யாண வீட்டுக்கு இல்லாததா?" என்றாள் எதிர்வீட்டு உஷாராணி. நாங்கள் பூக் கட்டிக்கொண்டிருந்த பாயில் லேப்டாப்புகளும் வந்து உட்கார்ந்தன. ஆளுக்கொரு பங்கு வேலை. நான் சேலை கட்டி முடிப்பதற்குள் வீடியோ குரலோடு ஓடியது.

"தப்பிச்சீங்க," என்றேன்.

மண்டபத்தில் வீடியோ முடிந்ததும் லேப்டாப் கொடுத்தவர்கள்தான் பலமாகக் கை தட்டினார்கள். அப்போது மாரிஸ் எழுந்து போய் மைக்கை வாங்கினார்.

"இன்னிக்கு எங்க பிளாட்ல எனக்குத் தொறக்காத கதவே இல்ல," என்று ஆரம்பித்தார். அதிலிருந்து ஸ்டெஃபனி பிறந்த கதைக்குப் போனார், அவள் பள்ளிக்கூடக் கதைக்குப் போனார், நிறுத்துவதாகவே இல்லை. சாப்பாடு ஆறுகிறதே என்று போய் அவர் சட்டையைப் பிடித்து இழுத்தேன்.

ஸ்டெஃபனி என் கையைப் பிடித்துக்கொண்டாள். அழுதுகொண்டே சிரித்தாள்.

"விடும்மா. அப்பா பேசட்டும்."

விட்டுவிட்டேன்.