அனுசுயா சொன்னது

பதினாறு வயதில் பொதட்டூர்பேட்டை பவர்லூம் கொட்டகைக்குள் நுழைந்த அனுசுயாவுக்கு இப்போது நாற்பத்தாறு. முப்பது வருடத் தறிச் சத்தம் அவள் காதைப் பாதி தின்றுவிட்டது. தன் குரல் தனக்கே எட்டாததால் எதையும் கத்தித்தான் சொல்லுவாள். "சாப்ட்டியா?" என்று கேட்டால்கூடச் சண்டைக்கு இழுக்கிற மாதிரி இருக்கும். தெருவுக்கு அது பழகிவிட்டது. அந்தத் தறிக் கூலியில்தான், தாயில்லாத தம்பி முருகவேலைப் படிக்கவும் வைத்தாள்.

முருகவேல் மனைவியோடு திருத்தணியில் இருந்தான். காஞ்சனா ஆந்திரப் புத்தூர்ப் பெண், மெல்லப் பேசுகிறவள். நாத்தனாரை வதினா என்றுதான் கூப்பிடுவாள். கல்யாணமாகி ஒரு வருடம். ஆறு மாத வயிற்றோடு, வதினாவைப் பார்க்கவென்று ஒரு சித்திரை மத்தியானம் தனியாக பஸ்ஸில் வந்து இறங்கினாள்.

கொட்டகை வாசலில் அவளைக் கண்டதும் அனுசுயாவுக்குப் பகீரென்றது.

"எதுக்கு வந்த? யாரு வரச் சொன்னது? வயித்துல புள்ளய வச்சிகினு இந்த வெயில்ல வர்றியே, அறிவிருக்குதா? வீட்டுக்குப் போ, போய் படு!"

அறுந்த இழையை முடிந்துவிட்டு, பின்தெருவிலிருந்த தன் வீட்டுக்கு ஓடினாள். காஞ்சனா அங்கே இல்லை. அடுத்த பஸ்ஸிலேயே திரும்பிப் போயிருந்தாள்.

எதிர்க் கொட்டகை ஜெயம்மாள் மறுநாள் திருத்தணி மார்க்கெட்டில் முருகவேலைப் பார்த்தாள். "உங்க அக்கா அப்டி கத்துச்சிப்பா. பாவம், அந்தப் பொண்ணு," என்றாள். அவள் சொன்னது அவ்வளவுதான். சொந்தக்காரர்கள் வாயில் அது 'தொரத்திட்டாளாம்' என்றானது. அந்தப் பேச்சு ஆர்.கே.பேட்டை போய்ச் சேர்ந்தபோது, பிறக்காத பிள்ளைக்கே அனுசுயா சாபம் விட்டிருந்தாள்.

முருகவேல் போன் எடுப்பதை நிறுத்தினான். வளைகாப்புக்கு அழைப்பு வரவில்லை. சேதி அனுசுயாவுக்கு ஊரார் வாயால்தான் தெரிந்தது. தறிமுன் நின்று அழுதாள்; அந்தச் சத்தத்தில் யாருக்கும் கேட்கவில்லை. வளைகாப்பு அன்றைக்கு லீவு சொல்லிவிட்டு, ஒரு டஜன் கண்ணாடி வளையலோடு திருத்தணிக்குப் போனாள்.

அவள் நுழைந்ததும் பெண்கள் பேச்சை நிறுத்தினார்கள். முருகவேல் முகத்தைத் திருப்பிக்கொண்டான். அனுசுயா நேராகக் காஞ்சனா முன்னால் போய் நின்றாள்.

"ஊரு சொல்றத வுடு. அன்னிக்கி நான் என்னா சொன்னேன்? நீயே சொல்லு."

காஞ்சனா தலை குனிந்தபடி, தன் மெல்லிய குரலில் சொன்னாள்: "எதுக்கு வந்த... வயித்துல புள்ளய வச்சிகினு இந்த வெயில்ல வர்றியே... வீட்டுக்குப் போ, போய் படு..."

சட்டென்று நிறுத்தினாள். வார்த்தைகள் அதேதான். ஆனால் அவள் வாயில் அது வேறாக ஒலித்தது.

"வீடுன்னா... உங்க வீட்டயா சொன்னீங்க, வதினா?"

"பின்ன? நான் வந்து பாக்கறேன், நீ இல்ல. பஸ் ஸ்டாண்டு வரிக்கும் ஓடனேன்!"

அதையும் அவள் கத்தித்தான் சொன்னாள். காஞ்சனா அழுதுகொண்டே இரண்டு கைகளையும் நீட்டினாள். அனுசுயா வளையல்களை ஒவ்வொன்றாக, உடையாமல் ஏற்றினாள்.

அடுத்த வாரம் முருகவேல் அக்காவைக் காது டாக்டரிடம் அழைத்துப் போனான். ஆர்.கே.பேட்டையில் அந்தச் சாபக் கதை இன்னும் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. பிள்ளைக்கு மூன்று மாதமாகிறது. அத்தை குரல் கேட்டால் போதும், தொட்டிலில் கை கால் உதைத்துச் சிரிக்கிறது.