தண்ணி தெளிக்காமலே சிலுப்பிய ஆடு

எங்கள் மலையில் பலி ஆட்டின்மேல் மஞ்சள் தண்ணி தெளிப்போம். அது சிலுப்பினால் சாமி உத்தரவு கொடுத்ததாக அர்த்தம்.

என் வெள்ளாடு ஆட்டுக்கொல்லி நோயில் பிழைத்த பிறகு தேறவே இல்லை. ஒருநாள் தலையை உதறிக்கொண்டு ஒரே பக்கமாகச் சுற்ற ஆரம்பித்தது.

வந்து பார்த்த கால்நடை டாக்டர், "ஒடம்புல எதிர்ப்புச் சக்தியே இல்லம்மா. மூளையில புழுக்கட்டி. நாய்ப்பீயிலேர்ந்து வர்றது. ஆபரேஷன் பண்ணிப் பாக்கலாம், ஆஸ்பத்திரிக்குக் கொண்டாங்க. செத்துப்போச்சின்னா தலைய நாய்க்கு மட்டும் போட்டுடாதீங்க, புழு நாய் வயித்துல வளந்து மத்த ஆட்டுக்கும் பரவிடும்" என்றார். பக்கத்தில் நின்ற என் கொழுந்தனும் தலையாட்டினான்.

நான் ஜீப்புக்குச் சொல்லிவிட்டு வருவதற்குள் ஆட்டை அறுத்திருந்தான்.

"சாமியே கேட்டுச்சி அண்ணி. தண்ணிகூடத் தெளிக்கல, தானா சிலுப்பிச்சி."

"தலை எங்கடா?"

"உள்ள ஒரே தண்ணிப்பையா இருந்துச்சி. அத யாரு துன்றது? நாய்க்குப் போட்டுட்டேன்."

மீதி ஆடுகள் மேய்ச்சலுக்குக் கிளம்பின. வாயை நக்கிக்கொண்டே அந்த நாயும் அவற்றின் பின்னால் போனது. நாயைப் பிடித்துக் கட்டச் சொல்லிக் கத்தினேன். அவன் கறியைக் கூறு போட்டுக்கொண்டிருந்தான்.

இன்றைக்கும் கோயிலில் ஆடு சிலுப்பினால் எல்லோரும் கையெடுத்துக் கும்பிடுகிறார்கள். நான் நாய் எங்கே நிற்கிறது என்று பார்க்கிறேன்.