இரு பக்கமும் எர்த்

வெங்கடாசலம் எதிரே வந்தால் சவரிமுத்து "வணக்கங்க" என்பான். அந்த ஆளின் கார் கடந்து போனதும் தரையில் காறித் துப்புவான். மூன்று வருஷமாக இப்படித்தான்.

சவரிமுத்துவின் அப்பாவும் அம்மாவும் மரக்காணம் உப்பளத்தில் கூலிக்கு உப்பு வாரியவர்கள். அவனுக்கு அந்த வெள்ளைத் தரையில் கால் வெடித்து நிற்கப் பிடிக்கவில்லை. ஐடிஐ படித்து லைன்மேன் ஆனான். அவனோடு ஒரே நாளில் வேலையில் சேர்ந்தவன் சார்லஸ். ஒருவன் கம்பத்தில் ஏறினால் மற்றவன் கீழே நிற்பான். ஒருவன் வீட்டு மீன்குழம்பு இருவருக்கும்.

மூன்று வருஷத்துக்கு முன் ஒரு புயல். மறுநாள் காலை, உப்பளச் சாலையில் அறுந்து கிடந்த லைனைக் கட்ட சார்லஸ் ஏறினான். சப்ஸ்டேஷனில் சப்ளையை நிறுத்தியாகிவிட்டது. கரண்ட் வரக்கூடிய அந்தப் பக்கத்தில் கம்பியை மண்ணோடு இணைத்து எர்த்தும் போட்டாகிவிட்டது. மறுகோடியில் இருந்தது வெங்கடாசலத்தின் ஐஸ் பேக்டரி. அங்கிருந்து கரண்ட் வரும் என்று யாரும் நினைக்கவில்லை. ஆனால் பேக்டரியில் மெயினைப் பிரிக்காமலே ஜெனரேட்டரை ஓட்டினார்கள். அந்த கரண்ட் டிரான்ஸ்பார்மர் வழியாகப் பின்னோக்கி ஏறி, வோல்டேஜ் பல மடங்கு பெருகி, செத்துக் கிடந்த லைனுக்குள் புகுந்தது. மேலிருந்து பேசிக்கொண்டிருந்த சார்லஸின் பேச்சு பாதியில் நின்றது. பெல்ட்டில் தொங்கியவனை சவரிமுத்துதான் இறக்கினான்.

போலீஸ் வருவதற்குள் பேக்டரியில் வயரை மாற்றிவிட்டார்கள். "இடி விழுந்திருக்கும்பா" என்றார் வெங்கடாசலம், சாவு வீட்டுக்கே மாலையோடு வந்து. சார்லஸின் மனைவி அருள்மேரி அந்த மாலையை எடுத்துத் தெருவில் வீசினாள். கேஸ் நிற்கவில்லை.

ஒருநாள் சவரிமுத்து பெட்ரோல் கேனோடு பேக்டரி மதில்வரை போனான். எரித்தால் இன்சூரன்ஸ் வாங்கிக்கொள்வான், நம்மை உள்ளே தள்ளுவான் என்று தோன்றியது. பெட்ரோலைத் தன் வண்டியிலேயே ஊற்றிக்கொண்டு திரும்பினான்.

அதன்பிறகு அவன் வேலையில் ஒரு வெறி வந்தது. கோடையில் உப்புக்காற்று, கம்பியைத் தாங்கும் பீங்கான் இன்சுலேட்டர்களில் படிந்துவிடும். கழுவாவிட்டால் முதல் தூறலிலேயே வெடிக்கும். வெயில் ஏறுவதற்குள் கழுவி முடிப்பான். உச்சி வெயிலில் யாரையும் கம்பத்தில் இருக்க விடமாட்டான். "தலை சுத்துதுன்னா எறங்கிடு. வீராப்பு காட்டாத. ஒருத்தன தூக்கினு வந்தது போதும்" என்பான் அப்ரண்டிஸ்களிடம்.

"ஐஸ் பேக்டரி பக்கம் கழுவாம உடுண்ணா. வெடிக்கட்டும்" என்றான் கூட வேலை பார்த்த மணிவண்ணன்.

"வேணாம். நம்ம வேலையில ஓட்டைன்னு சொல்ல அவனுக்கு எடம் குடுக்கக் கூடாது."

கழுவினான். மற்ற இடங்களைவிட நன்றாகவே கழுவினான். போகும்போதெல்லாம் வெங்கடாசலத்திடம் சொன்னான்: "ஜெனரேட்டருக்கு சேஞ்ச் ஓவர் சுவிட்ச் போடுங்க. மெயின் தனியாப் பிரியணும்."

"போட்டாச்சுப்பா, போட்டாச்சு."

இந்தக் கோடையில் பேக்டரிக்குள் எட்டிப் பார்க்க வாய்த்தது. சுவிட்ச் பெட்டி இருந்தது. உப்புக்காற்றில் துருப்பிடித்து இறுகியிருந்தது. அதில் சேர்க்காமல் வயர்களை நேராக முறுக்கிக் கட்டியிருந்தார்கள். அன்று அவன் வாயைத் திறக்கவில்லை. வீட்டுக்கு வந்து, இன்னும் கொஞ்சம் குழம்பு ஊற்றச் சொன்னான். அவன் இப்படிக் கேட்டுச் சாப்பிட்டு வெகுநாள் ஆயிற்று என்று மனைவி சில்வியா அவனையே பார்த்தாள்.

ஐப்பசியில் புயல் அடித்தது. விடிந்ததும் பார்த்தால் உப்பளச் சாலையில் ஒரு கம்பம் சாய்ந்து லைன் அறுந்திருந்தது. கம்பத்தின் மேலே பேக்டரியை லைனிலிருந்து பிரிக்கும் சுவிட்சும் வளைந்துபோயிருந்தது. இஞ்சினியர் கீதாஞ்சலி ஜீப்பில் வந்து இறங்கினாள்.

"ரெண்டு பக்கமும் எர்த் போட்டுட்டீங்களா?"

"போட்டாச்சு மேடம். டெஸ்ட் பண்ணிப் பாத்துட்டுதான் போட்டேன்."

"அப்ப ஏன் யாரும் ஏறல?"

"காத்து அடங்கட்டும் மேடம்."

காற்று எப்போதோ அடங்கியிருந்தது. எல்லோரையும் கம்பியை விட்டுத் தள்ளி நிறுத்திவிட்டு அவன் பேக்டரியைப் பார்த்தபடி நின்றான். ஐஸ் உருகத் தொடங்கியிருக்கும். அந்த ஆளால் பொறுக்க முடியாது.

ஜெனரேட்டர் உறுமியது. எர்த் கம்பி படபடவென்று துள்ளியது. அனுப்பிய கரண்ட் எல்லாம் மண்ணுக்குள் இறங்க, பாரம் தாங்காமல் ஜெனரேட்டர் முக்கியது, முனகியது. கூரைக்கு மேலே கரும்புகை எழுந்தது. பிறகு சத்தமே இல்லை.

கீதாஞ்சலி அவனைப் பார்த்தாள். "வரும்னு உங்களுக்குத் தெரியும்."

"தெரியும் மேடம்."

"போய்ச் சொல்லியிருக்கலாமே."

"மூணு வருஷமா சொன்னேன்."

அவள் நேரே பேக்டரிக்குள் போய், முறுக்கிக் கட்டிய வயர்களைத் தன் போனில் படமெடுத்தாள். போலீசை வரவழைத்தாள். சப்ளையைத் துண்டிக்கச் சொன்னாள்.

வெங்கடாசலம் வேட்டியை மடித்துக்கட்டிக்கொண்டு ஓடிவந்தார். "டேய், என் மிஷின எரிச்சிட்டியேடா."

"நாங்க எரிக்கலீங்க. நீங்க அனுப்புனதுதான். அன்னைக்கி சார்லஸ் வாங்கிக்கினான், இன்னிக்கி மண்ணு வாங்கிக்கிச்சி."

அவர் வாய் திறந்தபடியே நின்றது. அந்த முகத்தை சவரிமுத்து நிதானமாகப் பார்த்தான். கம்பத்தை நிறுத்தி முடித்த பிறகும் வீட்டுக்குப் போகவில்லை. பேக்டரி வாசல் வழியாக உருகிய தண்ணீர் மீன்வாடையோடு சாலைக்கு ஓடிவருவதை, இருட்டும்வரை நின்று பார்த்தான். கொஞ்சமும் பாவமாக இல்லை.

மறுநாள் அருள்மேரியிடம் போய்ச் சொன்னான். அவள் மீன் ஆய்ந்துகொண்டே கேட்டாள்.

"அந்தாளுக்குக் கை காலெல்லாம் நல்லாத்தான இருக்குது?"

"இருக்குது."

"அப்ப இன்னும் முடியலண்ணா."

சவரிமுத்துவுக்கும் அப்படித்தான் இருந்தது.

பழைய கேஸைத் திரும்ப எடுத்திருக்கிறார்கள். திண்டிவனம் கோர்ட்டில் நடக்கிறது. ஒவ்வொரு வாய்தாவுக்கும் இருவரும் முதல் பஸ்ஸிலேயே போய், வெங்கடாசலத்தின் கண்ணில் படும்படி உட்கார்ந்துகொள்கிறார்கள்.