எமில்டாவின் பற்றரிச் சோதனை

பெட்டியைப் பிரித்ததும் மடிக்கணினிப் பற்றரியை மூக்கருகே கொண்டுபோகிறார் எமில்டா. “புதுசெண்டால் பிளாஸ்ரிக் மணக்கும். இனிச்ச மாதிரி மணந்தால் ஆள் உள்ளுக்கை கசியிறார்.” பிறகு கேக் மா நிறுக்கும் சின்னத் தராசில் வைத்து, கழற்றிய பழையதோடு எடையை ஒப்பிடுகிறார். போலியோ என்று அறிய, மேலே ஒட்டிய ஸ்ரிக்கரில் எழுத்துப் பிழை தேடுகிறார்.

மாங்குளம் சந்திக்குச் சற்றுத் தள்ளி, டயர்க் கடைக்குப் பக்கத்தில் அவருடைய மடிக்கணினி திருத்தும் கடை. முல்லைத்தீவுக் கரையில் கடற்றொழில் செய்த குடும்பம். வயது நாற்பது. பற்றரிகளை ‘ஆள்’, ‘அவர்’ என்றுதான் சொல்வார். வெயிலில் நிறுத்திய மோட்டார் சைக்கிளில் கணினிப் பையை விட்டுவிட்டு வருபவர்களுக்கு நல்ல ஏச்சு விழும்.

சென்ற மாசியில் நான் விசைப்பலகை மாற்றக் காத்திருந்தபோது, துணுக்காயிலிருந்து வடிவம்மா வந்தார். வயல் செய்பவர். மகள் மேனுகா வவுனியாவில் பல்கலைக்கழக இறுதியாண்டு; ஆய்வறிக்கை கொடுக்கப் பத்து நாள்தான் இருந்தது. விடுதியில் மின்சாரம் போகும்போதெல்லாம் கணினியும் அணைந்து, எழுதியது அழிந்துவிடுகிறதாம். வடிவம்மா மகளின் கணினியையும் வேறொரு கடையில் வாங்கிய புதுப் பற்றரியையும் கொண்டுவந்திருந்தார்.

“இதைப் பூட்டிவிட்டால் காணும் பிள்ளை.”

எமில்டா முகர்ந்தார், நிறுத்தார். செப்பு முனைகளை உருப்பெருக்கிக் கண்ணாடியால் பார்த்தபோது முகம் மாறியது. பூட்டிப் பார்த்தால், எத்தனை தரம் சார்ஜ் ஏறியது என்ற இடத்தில் திரை பூச்சியம் காட்டியது.

“இந்த எண்ணை அழிச்சு எழுதலாம் அம்மா. முனையிலை பூட்டிக் கழட்டின கீறலை அழிக்கேலாது. ஸ்ரிக்கரைக் கிளப்பிப் பாக்கட்டோ?”

“பார் பிள்ளை.”

அடியில் இன்னொரு ஸ்ரிக்கர். அதில் ஏழு வருடத்துக்கு முந்திய திகதி.

வடிவம்மா கதிரையில் மெல்ல இருந்தார். “புதுசு வாங்கிட்டனெண்டு மகளுக்குச் சொல்லிப்போட்டன்.”

எமில்டா அந்தக் கடைக்கு அழைத்தார். குரலை உயர்த்தவில்லை. “தம்பி, உங்களிலை பிழை சொல்லேல்லை. உங்களையும் ஆரோ ஏமாத்திப்போட்டினம். ரெண்டு ஸ்ரிக்கரையும் படம் அனுப்பிறன், பாருங்கோ.” நெடுநேரம் கதைத்த பிறகு மாற்றித்தர ஒப்புக்கொண்டார்கள். ஆனால் கொழும்பிலிருந்து வர இரண்டு கிழமை, பதினான்கு நாள் ஆகும்.

பத்து நாளும் இரண்டு கிழமையும் பொருந்தாதென்று வடிவம்மாவுக்கு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

எமில்டா தன் மேசையில் ஓடிக்கொண்டிருந்த கணினியை அணைத்துக் கவிழ்த்தார். அதுவும் அதே வகை. திருகாணிகளைக் கழற்றி, அதன் பற்றரியை எடுத்து மேனுகாவின் கணினிக்குள் வைத்தார்.

“அப்ப உனக்கு?”

“எனக்குக் கரண்ட் வயர் காணும் அம்மா. இந்த மேசையை விட்டு நான் எங்கை போறன்? மற்றது வந்தாப் பிறகு மாத்துவம்.”

மூடியைப் பூட்டுமுன் வெள்ளை ஒட்டுநாடாவில் ஒரு துண்டு கிழித்தார். ‘பாவித்தது. எட்டு மாதம்’ என்று அதில் எழுதி, பற்றரியின் மேல் ஒட்டி, பெருவிரலால் ஒருமுறை அழுத்திவிட்டார்.