கூடாரத்துக்குள் பெய்த பனி

எனக்கு எழுத்து கோணல்மாணலாகத்தான் வரும். ஐந்தாவது வரைக்கும்தான் படிப்பு. மறதி வேறு. முன்னே பின்னே இருந்தால் மன்னித்துக்கொள்ளுங்கள்.

மகளும் மாப்பிள்ளையும் நியூ ஜெர்சியில், மான்மவுத் ஜங்ஷனில் இருக்கிறார்கள். நான் வந்து தங்கியிருக்கிறேன். மகளுக்குப் பனி செய்கிற வேலை. கோயிலில் யாராவது கேட்டால் இதைச் சொல்ல எனக்குக் கூச்சம். "கம்ப்யூட்டர்தானே ஆன்ட்டி?" என்பார்கள். தலையாட்டிவிடுவேன்.

வடக்கே மலைப் பக்கம், காலில் நீளப் பலகை மாட்டிக்கொண்டு பனியில் சறுக்கி விளையாடுகிற இடங்கள் உண்டு. வானம் ஏமாற்றுகிற வருஷங்களில் பெரிய குழாய் வைத்துத் தண்ணீரைப் பீய்ச்சுவார்கள். அது குளிரில் உறைந்து விழும். பார்க்க வெள்ளை. கையில் எடுத்தால் ஜவ்வரிசி மாதிரி, கெட்டியாக, உருண்டை உருண்டையாக இருக்கும்.

"அது பனியே இல்லம்மா, வெறும் ஐஸ். கொழந்தைங்க விழுந்தா முட்டி பேந்துடும்" என்பாள் மகள். நிஜப் பனி, தண்ணீர்த் துளி உறைந்து வருவதில்லையாம். மேகத்துக்குள் ஒரு தூசியைச் சுற்றி ஈரம் கொஞ்சம் கொஞ்சமாகப் படிந்து, கிளைவிட்டு வளருமாம். அதனால்தான் மெத்தென்று இருக்கிறதாம். அவளும் அவளுடைய ஆட்களும் மலையடியில் உயரமாக ஒரு துணிக் கூடாரம் கட்டி, அதற்குள் மேகம் செய்தார்கள்.

மேகம் வந்தது. பனி விழவில்லை. அந்த இடத்துக்குச் சொந்தக்காரர், ஒரு வெள்ளைக்காரப் பெரியவர், கடைசியாக ஒரு நாள் வந்து பார்ப்பதாகச் சொன்னார். அன்றும் விழாவிட்டால் கூடாரத்தைப் பிரித்துவிட வேண்டும். மகளுக்கு வேலை போகும். வேலையோடு விசாவும் போகும். அந்த வாரமெல்லாம் அவள் தயிர்சாதத்தைப் பிசைந்துகொண்டே இருந்தாளே தவிர, சாப்பிடவில்லை.

"நீயும் வாம்மா. வீட்ல தனியா உக்காந்து கவலப்பட்டுட்டு இருப்ப" என்று என்னையும் அழைத்துப் போனாள். மாப்பிள்ளைதான் கார் ஓட்டினார். ஸ்வெட்டர், ஜாக்கெட், அதற்கு மேல் என் கறுப்புச் சால்வை. "அத்தை, இப்ப நீங்க விழுந்தாக்கூட அடிபடாது. உருண்டு கார்கிட்டயே வந்துடுவீங்க" என்றார்.

கூடாரத்துக்குள் நுழைந்ததும் காது அடைத்தாற்போல ஒரு அமைதி. வெளிச்சம் எந்தப் பக்கமிருந்து வருகிறதென்றே தெரியவில்லை. கொஞ்ச தூரத்தில் நின்ற மகள், கனவில் வருகிற ஆள் மாதிரி தெரிந்தாள், மறைந்தாள். நான் மேகத்துக்குள் நிற்கிறேன் என்று நினைத்துக்கொண்டேன். கால் தரையில் இருந்ததா என்றுகூட இப்போது சொல்லத் தெரியவில்லை.

பெரியவரும் வந்திருந்தார். அவர் ஏதோ சொல்ல, மகள் "ப்ளீஸ், ஒன் மோர் அவர்" என்றாள். அது எனக்கே புரிந்தது.

அப்போதுதான் என் சால்வையில், முழங்கைப் பக்கம், ஒன்று வந்து உட்கார்ந்தது. கொசுவின் இறகால் மூக்குத்தி செய்தால் எப்படி இருக்கும், அப்படி. ஆறு கிளை. கிளைக்குக் கிளை குட்டிக் கிளை. பக்கத்திலேயே இன்னொன்று. பிறகு நாலைந்து. மகளைக் கூப்பிட வேண்டும். தெரியாத ஆண்பிள்ளை முன்னால் எனக்குக் குரல் எழும்பாது. வாயைத் திறந்தால் மூச்சுச் சூட்டில் கரைந்துவிடுமோ என்ற பயம் வேறு. கையை நீட்டியபடி, மூச்சை அடக்கிக்கொண்டு அப்படியே நின்றேன்.

பெரியவர் நான் வழுக்கி விழப்போகிறேன் என்று நினைத்துவிட்டார். வேகமாக வந்து என் முழங்கைக்குக் கீழே தாங்கிப் பிடித்தார். எனக்கு உடம்பே கூசிப்போயிற்று. "யூ ஓகே?" என்றார். நான் அவரைப் பார்க்காமல் சால்வையைப் பார்த்தேன். அவரும் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றிவிட்டு, குனிந்து மறுபடி பார்த்தார். இரண்டு பேரும் மூச்சுவிடாமல் நின்றோம். எங்கள் மேல் அது பாட்டுக்கு இறங்கிக்கொண்டிருந்தது.

அவர்தான் மெதுவாக மகளைக் கூப்பிட்டார்.

"எப்பலேர்ந்தும்மா விழுது?"

"கொஞ்ச நேரமாச்சு."

"சொல்றதுக்கென்ன?"

"வாயத் தொறந்தா கரைஞ்சிடுமேடி."

அவள் அதை இங்கிலீஷில் சொன்னதும் பெரியவர் சிரித்தார். பிடித்த கையை மட்டும் விடவில்லை. மலை முழுக்க மூட இது போதாது, ஆனால் குழந்தைகள் பழகுகிற சரிவுக்கு இந்தப் பனிதான் வேண்டும், அடுத்த குளிர்காலமும் கூடாரம் இருக்கட்டும் என்று சொன்னாராம். திரும்பும்போது மாப்பிள்ளை சொன்னார். மகள் காரில் என் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டாள்.

கூடாரம் எவ்வளவு உயரம், உள்ளே எவ்வளவு குளிர் என்பதெல்லாம் எனக்குத் தெரியாது. நாங்கள் வெகுநேரம் நின்றதாக எனக்கு நினைப்பு. மாப்பிள்ளை, ஒரு காபி குடிக்கிற நேரம்தான் என்கிறார். விவரம் தெரிந்தவர்கள் யாராவது இதை ஒருமுறை படித்து, தப்பு இருந்தால் திருத்திவிடுங்கள். மகளிடமே கேட்கலாம்தான், அவள் மலைக்குப் போயிருக்கிறாள்.