பத்து வருஷம் உடைக்காத தேயிலை

போன மாசி மாதம் ஒரு சனிக்கிழமை கெப்பாலா பத்தாஸிலிருந்து பினாங்குக்குப் போய் வந்தேன். எங்கள் ஊரிலிருந்து கடல் தாண்டுகிறவர்கள் தண்ணீர்மலை முருகனைப் பார்க்கத் தாண்டுவார்கள். நான் தேயிலை குடிக்கத் தாண்டினேன். சிரிக்காதீர்கள். ரயில் பாதையில் கொடி பிடித்துப் பிழைத்தவன், நாலாம் வகுப்போடு சிலேட்டை உடைத்தவன்தான் நான். ஆனாலும் சீனத் தேயிலை வாங்கப் போகிறவர்களுக்குச் சொல்ல என்னிடம் நாலு விஷயம் உண்டு. அதில் இரண்டு, பட்டுத் தெரிந்துகொண்டவை.

பத்து வருஷத்துக்கு முன் நானும் என் கூட்டாளி சவரிமுத்துவும் பினாங்கு கேம்பல் தெருவில் ஒரு சீனர் கடையில் ஆளுக்கொரு போலே வட்டு வாங்கினோம். சவரிமுத்து துறைமுகத்தில் கிராணியாகக் கணக்கு எழுதியவன். போலே என்பது வறட்டி மாதிரித் தட்டி இறுக்கிய தேயிலை. புதுசில் கசக்கும், வைக்க வைக்க இனிக்கும். அவரவர் வீட்டில் பத்து வருஷம் வைத்திருந்து, அதே கடை முதலாளியான தவுக்கே முன்னால் குடித்துப் பார்ப்பது என்று பந்தயம் கட்டினோம். ஜெயித்தவன் தோற்றவனைச் சாகும்வரை கிண்டல் செய்யலாம்.

மூன்று வருஷத்துக்கு முன் அந்த விளையாட்டு எனக்கு விளையாட்டாக இல்லாமல் போயிற்று. என் மனைவி தனகோடி காய்ச்சலில் கிடந்தாள். எதைக் குடித்தாலும் குமட்டல். "அந்தச் சீனத் தேத்தண்ணியக் கொஞ்சம் போட்டுக் குடுங்களேன்" என்றாள்.

"இன்னும் மூணு வருஷம் போவணும் புள்ள. இப்ப ஒடச்சா கசக்கும்" என்றேன்.

பதினோராம் நாள் போய்விட்டாள். அலமாரி மேலே மண்சாடியில் இருந்த வட்டை எடுத்து, கற்பூரமரப் பெட்டியில் அவளுடைய பட்டுச்சேலைகளுக்கு நடுவே வைத்துப் பூட்டினேன். அதைவிட உயர்ந்த இடம் எங்கள் வீட்டில் இல்லை. அன்று முதல் எனக்கு ஒரே கவலைதான்: இந்தத் தேயிலை இனிக்க வேண்டும். இனித்தால், அவளிடம் நான் சொன்னது வெறும் கஞ்சத்தனம் இல்லை என்றாவது ஆகும்.

காலை ஏழு மணிக்கு மோட்டார் பஸ். பட்டர்வொர்த் படகுத்துறை பத்து மைல், முக்கால் மணி நேரம், இருபது காசு. மடியில் துண்டு சுற்றிய வட்டைப் பார்த்து டிரைவர், "என்னா பெரியவரே, பொண்ணு வீட்டுக்குச் சீரா?" என்றான்.

"சீருதான்லா தம்பி. மாப்பிள்ள நான்தான். மொகத்தப் பாத்தா தெரியல?"

நீராவிப் படகுக்குப் பத்துக் காசு. அக்கரை சேர இருபது நிமிஷம். தேயிலை கொண்டு போகிறவர்கள் கவனியுங்கள்: படகின் பின்புறம் கருவாட்டுக் கூடைகள் இருக்கும். தேயிலை பக்கத்து வாடையை எல்லாம் குடித்துவிடும். நான் முன்னால் போய், காற்றடிக்கிற பக்கமாக நின்றுகொண்டேன். அவ்வளவு கெட்டிக்காரன்.

துறைமுகத்தில் சவரிமுத்து காத்திருந்தான். கையில் தீப்பெட்டி அளவுக்கு ஒரு பொட்டலம்.

"வட்டு எங்கடா?"

"இதான்டா. கிறிஸ்மஸுக்குக் கிறிஸ்மஸ் கொஞ்சம் ஒடச்சேன். மக கல்யாணத்துக்குக் கொஞ்சம். மிச்சம் இம்புட்டுதான்."

"பந்தயத்துக்கு மூக்குப்பொடி மட்ட மாதிரி கொண்டாந்திருக்கான் பாருங்கய்யா!" என்று பக்கத்தில் நின்ற ரிக்‌ஷாக்காரரைக் கூப்பிட்டுக் காட்டினேன். பாவம், அவருக்குத் தமிழ் தெரியாது. கடைக்கு ரிக்‌ஷா வேண்டாம், கால் மணி நடைதான். நான் வழியெல்லாம் சிரித்துக்கொண்டே போனேன்.

தவுக்கே முதலில் ஊலோங் ஊற்றினார். பாதி கறுத்த இலை, வறுத்த வாசம். புதுசாகப் பழகுகிறவர்கள் இதையே வாங்குங்கள்; பத்து வருஷம் காத்திருக்க வேண்டாம். பிறகு சவரிமுத்துவின் தூள். முதல் தண்ணீரைக் கொட்டிவிட்டு இரண்டாவதைக் கொடுத்தார். நல்ல சிவப்பு. தொண்டைக்குள் இறங்கிய பிறகு இனித்தது.

என் வட்டைப் பிரித்தார். மூக்கருகே கொண்டுபோனவர் கையை அப்படியே நிறுத்திவிட்டார்.

"எங்கே வைத்தாய்?" என்று சந்தையில் பேசும் பாசார் மலாயில் கேட்டார். சொன்னேன்.

"தா பாகுஸ்லா" என்றார், நல்லாயில்லை என்று. "அந்தப் பெட்டி பூச்சியை விரட்டும். சேலைக்கு நல்லது. தேயிலை அதையும் குடித்துவிட்டது."

ஆனாலும் ஊற்றிக் கொடுத்தார். ஆரத்தித் தட்டை நக்கின மாதிரி இருந்தது. அடியில் ஒரு கசப்பு, நாக்கைவிட்டுப் போகவே இல்லை.

சவரிமுத்துவைப் பார்த்தேன்.

"என்னடா, ஜெயிச்சிட்ட இல்ல? கிண்டல் பண்ணு."

"வேணாம்டா."

"பண்ணுடா. அதுக்குத்தானே பத்து வருஷம்?"

தனகோடி கேட்டதை அவனிடம் முன்பே சொல்லியிருந்தேன். அவன் கோப்பையைப் பார்த்தபடி சொன்னான்: "தங்கச்சி கேட்டப்ப ஏழு வருஷம் ஆயிருக்கும்ல? என்னது ஏழாவது வருஷமே கசக்கலடா. அந்தக் கிறிஸ்மஸுக்குத்தான் ரொம்ப நல்லா இருந்துச்சு."

அதைவிடப் பெரிய கிண்டலை அவன் செய்திருக்க முடியாது. செய்கிறோம் என்றே தெரியாமல் செய்தான். என் தேயிலையையே மூன்று கோப்பை குடித்தேன். தவுக்கே தடுத்தும் குடித்தேன்.

போகிறவர்களுக்குச் சொல்கிறேன். கடைக்குக் காலையில் போங்கள். மத்தியானத்துக்கு மேல் கூட்டம். உடைத்து முகர்ந்து பார்க்காமல் வாங்காதீர்கள். வீட்டில் மண்சாடியில், காற்றுப் படும் இடத்தில் வையுங்கள். அடுப்படியும் பெட்டியும் ஆகாது. யாராவது ஒரு வாய் கேட்டால் வருஷக் கணக்குப் பார்க்காதீர்கள்.

நாலு மணிப் படகில் திரும்பினேன். முன்புறம் இடம் காலியாகத்தான் இருந்தது. கருவாட்டுக் கூடைகளுக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன், மடியில் வட்டை வைத்துக்கொண்டு.