ருக்கான், ருக்காமா

ஸ்ப்ளிட் நகரில், வெலி வரோஷ் மேட்டில் என் பக்கத்து வீட்டுக்காரி பெரினா. கப்பல் கட்டும் தளத்துக் கேன்டீனில் சமைத்து ஓய்வு பெற்றவள். பிறந்த வீட்டிலேயே வாழ்கிறாள். ஊரை விட்டு ஒரு மாதம்கூடப் போனதில்லை. அவளோடு இரட்டையாகப் பிறந்த வின்கா, கல்யாணமான கையோடு சிலிக்குக் கப்பலேறினாள். திரும்பி வந்தபோது இருவருக்கும் எழுபது தாண்டியிருந்தது.

ஒரே முகம், ஒரே குரல். ஆனால் வந்த அன்றே சண்டை. எங்கள் மொழியில் 'கைகளால்' என்பதற்கு வின்கா 'ருக்கான்' என்றாள். பெரினா 'ருக்காமா' என்றாள். கால், மீன், ஆள் எதைச் சொன்னாலும் சொல்லின் முடிவு மட்டும் வேறாக ஒலித்தது.

"ஸ்பானிஷ் பேசிப் பேசி உன் நாக்கு கெட்டுப்போச்சுடி," என்றாள் பெரினா.

"என் நாக்கா? நீதான்டி ரேடியோவுல செய்தி வாசிக்கிறவ மாதிரி பேசுற. அம்மா இப்படியா பேசினா?"

"நான் அம்மாகூடவே கிடந்தவ. கப்பலேறிப் போனவ எனக்குச் சொல்ல வந்துட்டா!"

வெள்ளிக்கிழமை வரை முகம் கொடுத்துப் பேசவில்லை. அன்று பெரினா மீன் பொரித்தாள். நான் கீரை நறுக்கிக்கொண்டிருந்தேன். சமாதானமாக உதவ வந்த வின்கா, கொதிக்கும் இரும்புச் சட்டியை வெறுங்கையால் தூக்கப் போனாள்.

"நே ருக்கான்!" கையால தொடாதே என்று அலறினாள் பெரினா.

வின்காவின் கைகள் அப்படியே நின்றன. வேறு யாரோ பேசியதுபோல பெரினா திரும்பிப் பார்த்தாள்.

"அம்மாவோட பேச்சுடி அது," என்றாள் வின்கா. குரலில் கேலி இல்லை.

பெரினா அடுப்பை அணைத்துவிட்டு உட்கார்ந்தாள். "நான் எங்கேயும் போகலையே வின்கா. என் வாயில இருந்ததை யாரு மாத்தினா? எப்போ?"

மலைக்கு அப்பாலிருந்து வேலைக்கு வந்தவர்கள், பள்ளிக்கூடம், தொலைக்காட்சி, எல்லாமும்தான் இருக்கும். நான் சொல்வது 'ருக்காமான்', இரண்டும் ஒட்டிய சொல். அதையே அன்றுதான் கவனித்தேன்.

அதன்பின் இருவரும் காலையில் மீன் சந்தைக்குப் போவார்கள். வாங்குவது கொஞ்சம், ஊரார் பேச்சைக் காது கொடுத்துக் கேட்பதுதான் அதிகம். ஒருநாள் நானும் போனேன். நாலு பக்கமும் பேரம், திட்டு, சிரிப்பு. பெரினா தங்கையின் கையை இறுகப் பிடித்திருந்தாள்.

"இத்தனை பேருடி. ஒருத்தரும் கூடிப் பேசி முடிவு பண்ணலை. ஆனா எல்லாரும் சேர்ந்தே நகர்ந்திருக்கோம்."

"இன்னும் நகருறீங்க," என்றாள் வின்கா. "பேசாம கேளு."